இரண்டு ஃபிரேமுக்கு நடுவே

சத்தியம், சத்தியம், இன்னொரு தரமும் சத்தியம்! இதில் ஒரு எழுத்து பொய்யென்றாலும் எனக்கு மிச்சமிருக்கிற நாலு பல்லும் இன்று மத்தியானச் சோற்றிலேயே உதிர்ந்து விழட்டும். கோயமுத்தூர் சரவணம்பட்டியில் ஒரு கண்ணாடிக் கட்டிடம், அதில் மூன்றாவது மாடி, அங்கே வீடியோ கேம் தயாரிக்கிற கம்பெனி ஒன்று, அந்தக் கம்பெனியில் பூங்கோதை என்று ஒருத்தி. வயசு முப்பத்தாறு. வேலை என்னவென்றால் நாள் முழுக்க கேம் ஆடுவது. ஆடி, எங்கே தட்டுகிறது, எங்கே இடறுகிறது என்று சொல்வது. அவள் கண் சாதாரணக் கண் இல்லை. முழு வேகத்தில் சுற்றுகிற மின்விசிறியை அண்ணாந்து பார்த்து, மூன்றாவது இறக்கையில் சிலந்தி இருக்கிறது என்பாள். நிறுத்திப் பார்த்தால் சிலந்தி தலை கிறுகிறுத்து உட்கார்ந்திருக்கும். பல்லி நாக்கை நீட்டிப் பூச்சியை இழுக்கிறதே, நமக்கெல்லாம் பூச்சி இருந்தது, அப்புறம் இல்லை, அவ்வளவுதான். அவளுக்கு நாக்கு போனது தெரியும், திரும்பி வந்தது தெரியும், நடுவில் பூச்சி ஒரு கணம் யோசித்ததும் தெரியும். அப்படிப்பட்ட கண்ணுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை பகல் இரண்டு மணியிலிருந்து நாலேகால் வரைக்கும் நடந்ததைத்தான் சொல்கிறேன். அவள் மண்டைக்குள் ஓடினது உனக்கெப்படி ஐயா தெரியும் என்று மட்டும் குறுக்கே கேட்கக் கூடாது.

இரண்டு மணிக்கு ஜெரோம் கறுப்பு டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்து, திரையின் வலது மேல் மூலையில் ஒட்டினான். அந்த மூலையில்தான் நொடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது எத்தனை படம், என்கிற எண் ஓடும். ஜெரோம் அவளைவிட எட்டு வயசு இளையவன், பதிவு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவன், அவளை அக்கா என்று கூப்பிடுகிறவன். "ரெடிங்களா அக்கா?" என்றான். "இன்னிக்காச்சும் ஒண்ணு ரெண்டப் பாக்காத மாதிரி உட்ருங்க. போன தரம் நீங்க சொன்ன ஒத்த ஃபிரேமுக்கு சௌந்தர் சார் எங்கள ரெண்டு நாள் வீட்டுக்கே உடல." "கோளாறு பண்றது நீங்க, கண்ண மூடிக்க வேண்டியது நானா?" என்றாள் பூங்கோதை. கன்ட்ரோலரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள், உள்ளங்கை வியர்த்திருந்தது, ஏசி பதினெட்டில் ஓடுகிறது, பிறகெதற்கு வியர்வை, காலையிலிருந்தே இப்படித்தான், காலையைப் பற்றி இப்போது நினைக்கக் கூடாது. டேப் எதற்கென்றால், எண்ணைப் பார்த்துவிட்டால் கண் பொய் சொல்லும். அறுபது என்று எழுதியிருந்தால் மனசு அடடா வழவழவென்று ஓடுகிறது என்று ஒத்துக்கொள்ளும், முப்பது என்று எழுதியிருந்தால் ஓடாத இடத்திலும் தட்டுகிறது என்று முகம் சுளிக்கும். அதனால் எண்ணை மூடிவிட வேண்டும், அவள் ஆட வேண்டும், ஒரு ஃபிரேம் விட்டுப்போனால் "விட்டுது" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஜெரோம் அவள் திரையைப் பார்க்காமல் எதிர்மேஜையில் தன் இயந்திரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, அவள் சொல்கிற நேரத்தில் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். கடைசியில் இரண்டையும் ஒட்டிப் பார்ப்பார்கள். கண் சொன்னதும் இயந்திரம் சொன்னதும் பொருந்தினால்தான் கேம் வெளியே போகும். எட்டு வருஷமாகப் பொருந்தாமல் போனதே இல்லை. அந்த எட்டு வருஷம்தான் பூங்கோதை. வேறு என்ன இருக்கிறது அவளிடம், புருஷன் ஓசூரில், சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போகிறவன், ஆறு வயசில் ஆதிரை என்று ஒரு பெண், ஒரு ஸ்கூட்டர், இந்தக் கண்.

பஸ் ஓட்டுகிற கேம் அது, திரையில் பஸ் கிளம்பியது. மலைப்பாதை, நாற்பது கொண்டை ஊசி வளைவு, இடப்பக்கம் தேயிலை, வலப்பக்கம் பள்ளம். முதல் வளைவு, இரண்டாவது, சுகமாக இருக்கிறது, ஒரு நொடியை அறுபதாக அரிந்து வைத்த மாதிரி ஒவ்வொரு துண்டும் ஒரே கனம். கனம்தான் முக்கியம், எண்ணிக்கை இல்லை, இதைச் சொன்னால் புதிதாக வருகிறவர்களுக்குப் புரிவதில்லை. முப்பதே வரட்டும், சீராக வந்தால் மனசு அதற்குப் பழகிக்கொண்டு கூடவே நடக்கும். அறுபதில் ஓடிக்கொண்டிருந்து ஒரே ஒரு இடத்தில் இரண்டு துண்டு சேர்ந்து போனால், மாடிப்படி இறங்கும்போது இல்லாத படியில் கால் வைத்த மாதிரி வயிறு விழும். சராசரி போட்டுப் பார்த்தால் ஐம்பத்தொன்பது புள்ளி எட்டு என்று காட்டும், சராசரியைப் போல ஒரு புளுகன் கிடையாது, விழுந்தவனுக்குத்தான் தெரியும் படி இல்லாதது. பக்கத்தில் நின்று பார்க்கிறவர்களுக்குக் கூடத் தெரியாது, கையில் பிடித்து ஆடுகிறவர்களுக்குத்தான் தெரியும், கட்டைவிரல் சொன்னதும் திரை கேட்டதும் ஒரு மயிரிழை தள்ளிப்போனால் விரல் முதலில் கண்டுபிடிக்கும், கண் அப்புறம்தான். ஐந்தாவது வளைவு. ஆறு. சினிமா நொடிக்கு இருபத்துநாலு படத்திலேயே ஓடுகிறதே அக்கா என்று ஜெரோம் வேலைக்கு வந்த புதிதில் கேட்டான். ஓடும், ஏனென்றால் அதில் ஒவ்வொரு படமும் அசைவில் கொஞ்சம் கலங்கியிருக்கும், ஒன்றின் வால் அடுத்ததின் தலையில் ஒட்டிக்கொள்ளும். கேமில் ஒவ்வொரு படமும் கத்தியால் வெட்டினது போல் தெளிவாக நிற்கும், ஒட்டாது. நின்ற படம், அடுத்தும் நின்ற படம், அதற்கடுத்தும். அசைவு என்று ஒன்று எதிலுமே இல்லை. இரண்டு படத்துக்கு நடுவில் இருப்பதை மனசுதான் போட்டு நிரப்புகிறது. யார் மனசு, என் மனசா, நான் நிரப்பின ஞாபகமே இல்லையே, எட்டாவது வளைவு, மைல்கல், பாறையில் வெள்ளைச் சுண்ணாம்பு, ஒரு குரங்கு, பத்தாவது வளைவு.

ஒன்பது எங்கே. "விட்டுது" என்றாள். குரல் அவளுக்கே தள்ளிக் கேட்டது. "பெருசு." எதிர்மேஜையில் பொத்தான் அமுங்குகிற சத்தம். ஒரு ஃபிரேம் இல்லை இது, ஒரு வளைவே போய்விட்டது, நாலு நொடியாவது இருக்கும், இப்படி ஒரு ஓட்டையோடு கேமைக் கையில் கொடுக்கிறார்கள், சௌந்தர் சார் முகத்தில் அடிக்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று கோபம் வந்தது, வந்த கோபம் பாதியில் நின்றது. ஏனென்றால் இதே மாதிரிதான் காலையில் லாரி. நினைக்காதே என்றால் நினைப்பு கேட்கிறதா. சத்தி ரோட்டில் மணல் லாரி ஒன்று எதிரே தூரத்தில் ரிவர்ஸ் எடுத்து வந்துகொண்டிருந்தது, கிளீனர் கூட இறங்கி நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தான், அவள் பிரேக்கில் விரல் வைத்தாள், வைத்தது ஞாபகம் இருக்கிறது, அடுத்த படத்தில் லாரி கண்ணாடியில் தெரிந்தது, பின்னால், சின்னதாக. நடுவில் ஒன்றும் இல்லை. ஆதிரை பின்னால் உட்கார்ந்து இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள், அந்தக் கை இருந்தது, சூடாக இருந்தது. பள்ளிக்கூட வாசலில் இறங்கினபோது குழந்தை சொன்னாள், "அம்மா, இன்னிக்கு நீ வண்டிய ஆட்டவே இல்ல. நல்லா ஓட்டுன." அப்புறம் பையை மாட்டிக்கொண்டே, "லாரிகிட்டப் போறப்ப ஒரு பாட்டுப் பாடுனியே, அத சாயங்காலமும் பாடு." பூங்கோதைக்குப் பாட்டு வராது. கல்யாணத்தில் பெண்ணைப் பாடச் சொன்னபோது கூட இருமிக் காட்டினவள். "நான் எங்கடி பாடுனேன்?" என்று கேட்பதற்குள் குழந்தை உள்ளே ஓடிவிட்டாள், ஓடினதில் ஒரு ஃபிரேமும் விடவில்லை, முழுசாக ஓடினாள், அதுவரை சரி. பதினைந்தாவது வளைவு. "விட்டுது." பத்தொன்பது. "விட்டுது, பெருசு." இருபத்தாறு, அதற்கடுத்து இருபத்தெட்டு, இருபத்தேழில் விறகுச் சுமையோடு ஒரு பெண் ரோட்டைக் கடப்பாள், அந்த இடத்தில்தான் எப்போதும் தட்டும், அதற்காகவே காத்திருந்தாள், இருபத்தேழே வரவில்லை. "விட்டுது." ஜெரோம் ஏன் ஒன்றும் சொல்லவில்லை, இத்தனை தரம் சொன்னால் வழக்கமாக அடப்பாவி என்பானே. நாற்பதாவது வளைவில் பஸ் நின்றது. மொத்தம் பன்னிரண்டு.

ஜெரோம் எழுந்து வந்து டேப்பை உரித்தான். அறுபது என்று நின்றது. அது பெரிசில்லை, பஸ் நின்றுவிட்டால் எதுவும் அறுபதுதான். "அக்கா," என்றான், "கோவிச்சுக்காதீங்க. பன்னெண்டு தடவை சொன்னீங்க. இங்க ஒண்ணு கூட இல்லீங்." அவனுடைய திரையில் ஒரு கோடு, ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி, இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் வரைக்கும் ஒரு மேடு பள்ளம் இல்லாமல். "மெஷின் கெட்டுருச்சா?" என்றாள். "ரெண்டு மெஷின்ல எடுத்தனுங்க. ரெண்டும் இதேதான்." அவன் பேச்சில் விளையாட்டு இல்லை, அதுதான் பயம், ஜெரோம் சாவு வீட்டிலும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கிறவன். கோடு நேராக இருக்கிறது, திரை எந்தப் படத்தையும் விடவில்லை, அப்படியென்றால் விட்டது எது. ஒரு பக்கம் கேம், இன்னொரு பக்கம் நான். நடுவில் வேறு யாரும் இல்லை. போன மாதம் கண் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, உங்க கண்ண வச்சு இன்னும் நூறு வருஷம் ஓட்டலாம் என்றார். கண் விடவில்லை, கண்ணுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது விட்டிருக்கிறது. "அப்பறம் இன்னொண்ணுங்க்கா," என்றான் ஜெரோம், மெதுவாக. "பாட்டு கேட்டுது. ஹெட்ஃபோன்ல ஏதாச்சும் போட்டிருந்தீங்களா?" ஹெட்ஃபோன் மேஜை மேல் சுருண்டு கிடந்தது, ஒயர் எதிலும் சொருகியிருக்கவில்லை. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். "எங்க பெரியம்மா மகனுக்கு இப்படி வரும்," என்றான் ஜெரோம். "பேசிட்டிருக்கறப்பவே ஒரு நிமிசம் ஆள் இருக்க மாட்டான். கை மட்டும் சட்டைப் பித்தானப் போட்டுக் கழட்டிட்டு இருக்கும். மாத்திரை குடுத்தாங்க, சரியாப் போச்சு. நாளைக்கே ஒரு டாக்டரப் பாப்பமுங்க்கா." மாத்திரை. சரி. மாத்திரையில் போகிற விஷயம்தான். மூளையில் ஒரு பொறி, வேறொன்றுமில்லை. "கன்ட்ரோலர் பதிவக் காட்டு," என்றாள் அவள், "நான் இல்லாத நேரத்துல என் கை என்ன பண்ணுச்சுன்னு பாக்கோணும்."

அவன் காட்டினான், காட்டாமலே இருந்திருக்கலாம். பூங்கோதை ஓட்டுகிற விதம் அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும், கட்டைவிரலைத் தட்டித் தட்டி ஓட்டுவாள், விரல் அசைவைக் காட்டுகிற கோடு கோழி கிளறின மண் மாதிரி இருக்கும். அப்படித்தான் இருந்தது, எட்டாவது வளைவு வரைக்கும். ஒன்பதில் கோடு மாறியது. கை விழுந்து கிடக்கும், தட்டையாக இருக்கும் என்று நினைத்தாள், இல்லை. ஒரே இழுப்பில் கோலம் போட்ட மாதிரி ஒரு வளைவு, எங்கேயும் நிற்காமல், எங்கேயும் திருத்தாமல். பத்தில் மறுபடி கோழி. பதினைந்தில் மறுபடி கோலம். பன்னிரண்டு இடத்திலும். எத்தனை அழகு என்றுதான் முதலில் தோன்றியது, அப்படித் தோன்றினதற்குத்தான் இப்போது உடம்பு சில்லிட்டது. எட்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த வழவழப்பு, எந்த இயந்திரமும் கொடுக்காதது, நான் இல்லாதபோது என் விரலில் இருக்கிறது. நான்தான் தட்டல். நான்தான் விட்டுப்போகிற ஃபிரேம். இன்னொருத்தி தொடர்ச்சியாக ஓடிக்கொண்டிருக்கிறாளோ, அவளுடைய ஓட்டத்தில் அங்கங்கே இடறுகிற இடங்களுக்குப் பூங்கோதை என்று பேர் வைத்திருக்கிறார்களோ. குழந்தைக்கு எவ்வளவு சீக்கிரம் தெரிந்துவிட்டது, ஆட்டவே இல்ல, நல்லா ஓட்டுன. ஆறு வருஷமாகத் தட்டித் தட்டி வளர்த்தவள் நான், தலை வாரும்போது இழுத்து அழ வைக்கிறவள், சோற்றை அவசரமாக ஊட்டி நெஞ்சை அடைக்க வைக்கிறவள். இன்னொருத்தி பாடுகிறாள். அவளிடமே விட்டுவிட்டால் என்ன. லாரியைக் கூடத் தாண்டிவிட்டாளே, ஒரு கீறல் இல்லாமல். சாயங்காலமும் அவளே ஓட்டட்டும், நான் பேசாமல் இரண்டு படத்துக்கு நடுவில் இருந்துகொள்கிறேன், அங்கே எப்படி இருக்கும், இருட்டாகவா, இருட்டு கூட இருக்காது, இருட்டைப் பார்க்கவும் ஓர் ஆள் வேண்டுமே. "இருபத்தேழப் போடு," என்றாள். அவள் குரல்தான், தட்டித் தட்டித்தான் வந்தது. ஜெரோம் இருபத்தேழாவது வளைவின் படத்தை ஓடவிட்டான். பஸ் வளைந்தது. விறகுச் சுமையோடு பெண் ரோட்டில் இறங்கினாள். கோடு அப்படியே போனது. பிரேக் பொத்தானின் பதிவு அந்த இடத்தில் வெறுமையாக இருந்தது, முன்னாலும் வெறுமை, பின்னாலும் வெறுமை. பஸ் அந்தப் பெண்ணுக்குள் புகுந்து அந்தப் பக்கம் வந்தது. வேகம் ஒரு புள்ளி குறையவில்லை. கண்ணாடியில் விறகு சிதறிக் கிடந்தது.

"சோதனை மோடுங்க்கா, ஆள் அடிபட்டா கணக்குல வராது," என்று ஜெரோம் சமாதானம் சொன்னான், யாருக்குச் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. பூங்கோதை பன்னிரண்டு இடத்தையும் பார்த்தாள். பன்னிரண்டிலும் பிரேக் இல்லை. பிரேக் பிடித்தால் தட்டும், அதனால் பிடிக்கவில்லை, எவ்வளவு எளிசு. வழவழப்பு வேண்டும் என்றால் யாருக்காகவும் நிற்கக் கூடாது. காலையில் லாரி, கையை ஆட்டிக்கொண்டு நின்ற கிளீனர், அவன் தாவி விலகியிருக்க வேண்டும், அல்லது டிரைவர் மிதித்திருக்க வேண்டும், ஸ்கூட்டர் நிற்கவில்லை, நிற்காமல் ஒரே கோடாக, பின்னால் இடுப்பைக் கட்டின சின்னக் கையோடு, பாடிக்கொண்டு. இல்லாத படி, கால் இறங்கிக்கொண்டே இருந்தது. வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு கேம் அத்தனை சுகமாக ஓடியது, ஐந்து நிமிஷம் கழித்துத்தான் தெரிந்தது கன்ட்ரோலர் ஒயரே சொருகவில்லை என்று, ஓடினது முன்பே பதிவு செய்து வைத்த படம். அன்றிலிருந்து ரொம்பச் சுகமாக ஓடுவதைக் கண்டால் அவளுக்குப் பயம். மூன்று ஐம்பது. நாலரைக்குப் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும், பாட்டு கேட்டுக்கொண்டு வர ஆதிரை வாசலில் நிற்பாள்.

அப்போது சௌந்தர் வந்தார், கையில் சோதனைத் தாளோடு. அவர்தான் அந்தப் பிரிவுக்கு மேலாளர், நடக்கும்போதே பேசுகிறவர். "என்னங்க பூங்கோதை, கோடு நேரா இருக்குதுன்னு சொன்னாங்க, சந்தோசம். ஒரு கையெழுத்தப் போட்டுக் குடுத்தா அனுப்பிருவேன்." "ஒரு நிமிசம் சார், எழுதித் தரேன்," என்றாள். தாளை மேஜையில் வைத்தாள். எழுத வேண்டியதை மனசுக்குள் அடுக்கினாள், கேமில் குறை இல்லை, சோதித்தவர் பன்னிரண்டு முறை தவறாகச் சொன்னார், சோதித்தவரை முதலில் சோதிக்க வேண்டும். எழுதினால் எட்டு வருஷம் போச்சு, கண்ணு போச்சு என்று கான்டீன் வரைக்கும் பேசுவார்கள், பேசட்டும், ஒருதரம் தாளில் ஏறிவிட்டால் நாளைக்கு நானே இல்லை என்று சாதிக்க முடியாது, டாக்டரிடம் போய்த்தான் ஆக வேண்டும். பேனாவின் மூடியைக் கழற்றினாள். அடுத்த படத்தில் மூடி போட்டிருந்தது. சௌந்தர் தாளைக் கையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். "இது எதுக்குங்க இந்தக் கடைசி வரி?" என்று சிரித்தார். "நாங்க கேக்கவே இல்லியே." அவள் எட்டிப் பார்த்தாள். எழுத்து ஒன்றோடொன்று கைகோத்து, பேனாவை எங்கேயும் தூக்காமல், கொடி படர்ந்த மாதிரி இருந்தது. குறை எதுவும் இல்லை என்று ஒரு வரி. கீழே இன்னொரு வரி: சோதித்தவர் நலமாக இருக்கிறார். அதற்கும் கீழே பூங்கோதை என்று கையெழுத்து, அவளுடையதைவிட நல்ல கையெழுத்து. "குடுங்க சார்," என்று பிடுங்கினாள், பிடுங்கினதில் தாள் கிழிந்தது, கிழிந்த சத்தம் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. "நான் சொல்ற வரைக்கும் அனுப்பாதீங்க. வேற ஆள் வச்சு மறுபடி பாருங்க. எனக்கு உடம்பு சரியில்ல." எட்டு வருஷத்தில் அவள் சொல்லாத வார்த்தை. சௌந்தர் நின்றார். நடக்காமல் நின்று அவர் பேசினது அன்றைக்குத்தான்: "வீட்டுக்குப் போங்கம்மா. கேம் எங்கயும் ஓடிப் போயிராது."

வீட்டுக்குத்தான் போக வேண்டும், போகிறது எப்படி என்பதுதான். இன்னொருத்தி பொய் சொல்லுவாள். அதுதான் இப்போது தெரிந்தது. கை தானாக ஆடுகிறது, பித்தான் போட்டுக் கழற்றுகிறது என்றால் பாவம் என்று விட்டுவிடலாம். நலமாக இருக்கிறார் என்று எழுதுகிறவளுக்கு ஏதோ வேண்டியிருக்கிறது. டாக்டர் வேண்டாம், மாத்திரை வேண்டாம், ஸ்கூட்டர் வேண்டும், நாலரை மணி வேண்டும். பூங்கோதை ஸ்கூட்டர் சாவியைப் பையிலிருந்து எடுத்து ஜெரோம் கையில் வைத்து, அவன் விரல்களை மடக்கி மூடினாள். "ஆட்டோ சொல்லு. நீயும் கூட வா. பள்ளிக்கூடத்துல பாப்பாவ நீ கையப் புடிச்சுக் கூட்டிட்டு வா, நான் உள்ளயே உக்காந்துக்கறேன். இந்தச் சாவிய என்கிட்டக் குடுக்காதே." "செரீங்க்கா." "நானே வந்து கேட்டாலும் குடுக்காதே. சிரிச்சுட்டுக் கேட்டா கண்டிப்பாக் குடுக்காதே." ஜெரோம் அவளைப் பார்த்தான். "அழுதுட்டுக் கேட்டீங்கன்னா?" "அழுதா அது நாந்தான். அப்பவும் குடுக்காதே." அவன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோவுக்கு ஃபோன் செய்யத் திரும்பினான். அவள் உட்கார்ந்து மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இங்கேயே இருக்க வேண்டும், ஒவ்வொரு துண்டிலும் இருக்க வேண்டும், மணி நாலு எட்டு, மேஜையில் ஒரு காபி வளையம், நாலு எட்டு, ஏசியின் சத்தம், எண்ணிக்கொண்டே இருந்தால் விடாது, அறுபதாக வேண்டாம், நொடிக்கு ஒன்றாகவாவது, ஒன்று, இரண்டு, ஆதிரை, மூன்று, ஆதிரை, நாலு, இடுப்பில் அந்தக் கை, ஐந்து.

ஜெரோம் சுவரோடு சுவராக நின்றிருந்தான். அவள் அவனுக்கு எதிரே, ஒரு முழம் தள்ளி நின்றிருந்தாள். அவள் வலது கை நீண்டிருந்தது, உள்ளங்கை மேலே பார்த்து, எதையோ வாங்கிக்கொள்ள. சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு பதினாறு. ஜெரோம் சட்டைப் பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தான், கண்ணில் தண்ணீர் நின்றது. "மாட்டனுங்க்கா," என்றான். "மூணாவது தடவை கேக்கறீங்க." அவள் ஒரு தடவை கூடக் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் முகத்தில் ஏதோ இழுத்துப் பிடித்திருப்பது தெரிந்தது, கன்னம் இரண்டும் வலித்தன, அவள் வைக்காத ஒரு சிரிப்பு அங்கே உட்கார்ந்திருந்தது, ரொம்ப நேரமாக. அதைக் கீழே இறக்க, வண்டியைப் பின்னுக்குத் தள்ளுகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டியிருந்தது. நீட்டின விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். "நாலாவது தடவை கேட்டாலும் குடுக்காதே," என்றாள். கீழே ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். "வாங்க, போலாங்க," என்றான் ஜெரோம், ஆனால் பையிலிருந்து கையை எடுக்கவில்லை. கடைசியாகப் பேசினது எவள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான், அப்புறம் கதவைத் திறந்து பிடித்து, அவளை முன்னால் போகச் சொன்னான்.

நடந்தது இவ்வளவுதான். குழந்தை பத்திரமாக வீடு வந்து சேர்ந்தது, அது பற்றிக் கவலைப்பட வேண்டாம். இதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் வாய் அரித்து எங்கேயாவது சொல்லிவிட்டீர்களென்றால், பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டு போனது காதில் விழுந்தது என்று சொல்லுங்கள், என் பேரை மட்டும் இழுக்காதீர்கள். பூங்கோதைக்குத் தெரிந்தால் கூடப் பரவாயில்லை, நல்ல பெண். இன்னொருத்திக்குத் தெரிந்துவிடக் கூடாது.